புது முறைல நடத்தினா பிள்ளைங்க நெசமாவே கத்துக்கிறாங்களா? சொந்த கிளாஸ்லயே பாத்துக்கிறது எப்படி

52ல இருந்து 27 கழிக்கச் சொன்னா 35னு எழுதுற பிள்ளைய பாத்திருக்கீங்களா? மூணாங்கிளாஸ் எடுத்தவங்க எல்லாருக்கும் இந்த 35ஐ தெரியும். ஒருவாட்டி பக்கத்துல உக்காந்து "எப்படிப்பா வந்துச்சு இது"ன்னு ஒரு பையன கேட்டேன். "ரெண்டுல ஏழு போகாதுல்ல டீச்சர், அதான் ஏழுல இருந்து ரெண்ட எடுத்தேன்"னான். கொஞ்சங்கூட சந்தேகமே இல்ல அவன் குரல்ல. அவனப் பொறுத்தவரைக்கும் கணக்கு கரெக்ட்டு, நாந்தான் புரியாம கேட்டுட்டு இருக்கேன்.

அப்ப நான் வேலைக்கு வந்து மூணாவது வருசம். வீட்டு வெளக்கமாத்துல இருந்து ஈர்க்குச்சி உருவி பத்து பத்தா ரப்பர் பேண்டு போட்டு கட்டி எடுத்துட்டு போனேன். 52ன்னா அஞ்சு கட்டு, ரெண்டு உதிரி. ஏழு எடுக்கணும், உதிரில ரெண்டுதான் இருக்கு, என்ன பண்ணலாம்னு கேட்டா, ஒரு பொண்ணு சொல்லாமலே ஒரு கட்டப் பிரிச்சுப் போட்டுட்டு "இப்ப பன்னெண்டு இருக்கு"ன்னா. கிளாஸே கலகலன்னு ஆயிடுச்சு. போட்டோ எடுத்து வாட்சப் குரூப்ல போட்டேன், நாலு பேரு கைதட்டுற பொம்மை போட்டாங்க, பயிற்சில என்னைய எழுந்து பேசச் சொன்னாங்க. பொங்கல் லீவு முடிஞ்சு வந்து அதே மாதிரி ஒரு கணக்கு குடுத்தா பாதி நோட்டுல மறுபடி அந்த 35 வகை விடை. கட்டு முறையால ஏதாவது நடந்துச்சா இல்லையா, என்னால சொல்ல முடியல, ஏன்னா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எத்தன பேருக்கு தெரியும்னு நான் பாக்கவே இல்ல.

அதுக்கப்புறம் கத்துக்கிட்டதத்தான் இங்க எழுதுறேன். புதுசா வேலைக்கு வந்தவங்க, டி.எல்.எட்., பி.எட். படிக்கிறவங்க, செயலாராய்ச்சி (சொந்த கிளாஸ்லயே பண்ற ஆய்வு) பண்ணுங்கன்னு டயட்ல (மாவட்ட ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனம்) இருந்து சொல்லிட்டாங்க என்ன பண்றதுன்னு முழிக்கிறவங்க, உங்களுக்காகத்தான். பெரிய புள்ளியியல் எல்லாம் வேணாம், ஒரு நோட்டும் ஒரு சில்லறைக் காசும் போதும்.

மொதல்ல கேள்விய சின்னதாக்குங்க

பயிற்சிக்கு வர்ற டி.எல்.எட்., பி.எட். பிள்ளைங்க கொண்டு வர்ற தலைப்பு பெரும்பாலும் "தொடக்கப் பள்ளி மாணவர்களிடையே புதுமையான கற்பித்தல் முறைகளின் தாக்கம்" மாதிரிதான் இருக்கும். இதுக்கு பதில் கண்டுபிடிக்கணும்னா 38 மாவட்டமும் சுத்தணும், அதுக்கப்புறமும் கெடைக்காது. புதுமையான முறைன்னா எது? பாட்டா, விளையாட்டா, டேப்லட்டா? தாக்கம்னா எதுல, மார்க்குலயா, வருகைலயா, வாசிப்புலயா?

எந்த கிளாஸ், எந்த ஒரே ஒரு திறன், என்ன முறை, எத்தன நாள், எதோட ஒப்பிடுறீங்க. இந்த அஞ்சும் ஒரே வாக்கியத்துல வரணும். என்னோடது இப்படி இருந்துச்சு: "என் மூணாங்கிளாஸ்ல கடன் வாங்கிக் கழிக்கிறத ஈர்க்குச்சி கட்டு வச்சு பத்து நாள் சொல்லிக் குடுத்தா, கரும்பலகைல மட்டும் போட்டுக் காட்டுறத விட அதிகமா மனசுல நிக்குதா?" கேக்க அல்பமா இருக்கும். ஆனா பதில் சொல்ல முடியுற கேள்வி. செயலாராய்ச்சிங்கிற சொல்லுக்கு பேரு வாங்கிக் குடுத்தது கர்ட் லெவின்ங்கிற உளவியலாளர், 1946ல எழுதின ஒரு கட்டுரைல, அவரு பேசினதும் இதுதான்: வேலை செய்றவங்களே திட்டம் போட்டு, செஞ்சு, விளைவ பாத்து, திருத்தி மறுபடி செய்றது.

கேள்விய எழுதும்போது ஒரு எச்சரிக்கை. "பிள்ளைங்களுக்கு பிடிச்சிருக்கா", "ஆர்வம் கூடுதா"ன்னு வைக்காதீங்க, நம்மூர் செயலாராய்ச்சில பத்துக்கு எட்டு இதுலதான் போய் முடியும், கடைசில மாணவர்கள் மகிழ்ச்சியுடன் கற்றனர்னு ஒரு வரி. 2019ல ஹார்வர்டுல இயற்பியல் கிளாஸ்ல ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு கூட்டத்துக்கு நல்லா பேசத் தெரிஞ்சவரு லெக்சர் குடுத்தாரு, இன்னொரு கூட்டம் அதே பாடத்த அவங்களே குழுவா உக்காந்து கணக்கு போட்டு முட்டி மோதி கத்துக்கிட்டாங்க. எதுல நல்லா கத்துக்கிட்டதா தோணுதுன்னு கேட்டா லெக்சர் கூட்டந்தான் அதிகமா சொன்னாங்க, டெஸ்ட் வச்சா முட்டி மோதின கூட்டம் மேல நின்னுச்சு. கல்லூரிப் பிள்ளைங்களுக்கே தான் கத்துக்கிட்டது தனக்கு தெரியல, எட்டு வயசுப் புள்ளைய "புரிஞ்சுதா"ன்னு கேட்டா "புரிஞ்சுது டீச்ச்ச்சர்"னு ராகம் போட்டு சொல்றத வச்சு என்ன முடிவு பண்றது.

ஏற்கனவே பாத்தவங்க என்ன சொல்றாங்க

எல்லாத்தையும் படிக்கணும்னு இல்ல. ஆனா ரெண்டு மூணு ஆய்வ தெரிஞ்சு வச்சுக்கிட்டா உங்க திட்டத்துல பெரிய ஓட்டை விழாது.

மொத ஆய்வு கென்யாவோடது. புசியா பகுதி பள்ளிகள்ல பாடப் புத்தகம் பத்தல, அதனால ஒரு பகுதி பள்ளிகளுக்கு மட்டும் புத்தகம் குடுத்து, குடுக்காத பள்ளிகளோட ஒப்பிட்டுப் பாத்தாங்க. யாரா இருந்தாலும் மார்க் ஏறும்னுதான நெனைப்போம்? சராசரி ஏறவே இல்ல. ஏற்கனவே நல்லா படிச்ச பிள்ளைங்க மட்டும் இன்னும் மேல போனாங்க. புத்தகம் இங்கிலீஷ்ல இருந்துச்சு, அங்க நெறைய பிள்ளைங்களுக்கு அது மூணாவது மொழி, வாசிக்கவே வராதவன் கைல புத்தகம் இருந்து என்ன பண்ணுவான். இதப் பண்ணவங்கள்ல ஒருத்தர் மைக்கேல் கிரெமர், 2019ல அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ கூட சேர்ந்து பொருளாதார நோபல் வாங்கினாரு.

அந்த பானர்ஜியும் டுஃப்லோவும் மும்பையிலயும் வதோதராவிலயும் பண்ண ஆய்வு அடுத்தது. பிரதம்ங்கிற கல்வித் தொண்டு அமைப்போட பால்சகி திட்டம். மூணாவது நாலாவது படிக்கிற, பின்தங்கின பிள்ளைங்கள 15, 20 பேரா தனியா கூட்டிட்டு போய், அந்தப் பகுதிலயே இருக்கிற ஒரு பொண்ணு தெனம் ரெண்டு மணி நேரம் அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லிக் குடுத்தாங்க. ரெண்டாவது வருச முடிவுல மார்க் 0.28 திட்ட விலக்கம் (மார்க்குங்க சராசரில இருந்து எவ்ளோ பரவிக் கெடக்குங்கிறத அளக்குற அலகு) ஏறியிருந்துச்சு, 2007ல ஆய்வு வெளிவந்துச்சு. புள்ள எந்த கிளாஸ்ல உக்காந்திருக்குங்கிறத விட்டுட்டு, எந்த நிலைல இருக்கோ அங்க இருந்து ஆரம்பிக்கிறதுங்கிறதுதான் அதோட சாரம். நம்மகிட்ட 2022ல வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு பிரிக்கிறோமே, அதுவும் இந்த மாதிரி யோசனைதான். அதுக்கு முன்னாடியே 2003ல சென்னை மாநகராட்சில 13 பள்ளிகள்ல ஆரம்பிச்ச ஏ.பி.எல். (செயல்வழிக் கற்றல்) அட்டை, அடுத்து என்ன படிக்கணும்னு வரிசையா காட்டுற ஏணிப்படி, புள்ள எட்டுற உயரத்துல கீழ்மட்டக் கரும்பலகை, எல்லாமே ஆந்திரால இருக்கிற ரிஷிவேலி கிராமப் பள்ளிகள பாத்து வந்தது. அட்டை அலமாரில தூங்கின கதையும் நமக்கு தெரியும், அது வேற பேச்சு.

பார்த்து படிக்கிறவன், கேட்டு படிக்கிறவன், செஞ்சு படிக்கிறவன்னு பிள்ளைங்கள மூணா பிரிச்சு தனித்தனியா நடத்துற ஐடியா ஒண்ணு சுத்திட்டு இருக்கும். 2008ல அத அலசி பாத்தவங்க, அப்படி பிரிச்சு நடத்தினா பலன் கூடும்னு சொல்ல சரியான ஆதாரம் இல்லைன்னுட்டாங்க. உங்க ஆய்வுக்கு அத எடுக்காதீங்க.

முன் டெஸ்ட்டு

இதுலதான் நான் கோட்டை விட்டேன், அதனால இதுல கொஞ்சம் நேரம் செலவு பண்ணுவோம்.

பத்து கணக்கு போதும். என் தாள்ல மூணு கணக்கு கடனே வாங்க வேண்டாத சாதாக் கழித்தல், நாலு கணக்கு கடன் வாங்குறது, ரெண்டு கணக்கு மேல பூஜ்யம் வர்றது (60ல 34 மாதிரி), ஒண்ணு வாய்க்கணக்க எழுத்துல குடுத்தது. சாதாக் கழித்தல் எதுக்குன்னா, அதுலயே தப்பு விடுற பிள்ளைக்கு பிரச்சினை கடன் வாங்குறதுல இல்ல, அதுக்கும் கீழ ஏதோ ஒரு படில நிக்குது. அந்தப் புள்ளைக்கு கட்டு முறைய சோதிச்சா முறை மேல பழி விழும்.

தாள ரெண்டு செட்டா தயார் பண்ணுங்க, அ, ஆன்னு வச்சுக்குங்க, கணக்கோட வகை அதேதான் எண்ணு மட்டும் வேற. முன் டெஸ்ட்ல பாதி பேருக்கு அ, பாதி பேருக்கு ஆ, பின் டெஸ்ட்ல அப்படியே மாத்திக் குடுங்க. ஒரே தாள ரெண்டு வாட்டி குடுத்தா விடைய ஞாபகம் வச்சு எழுதிடுவாங்க, எல்லாருக்கும் மொதல்ல அ அப்புறம் ஆன்னு குடுத்தா, ஆ கொஞ்சம் சுலபமா அமைஞ்சிருந்தா முன்னேற்றம் மாதிரி தெரியும், அது தாளோட சுலபம்.

மார்க் மட்டும் போடாம தப்போட வகையையும் குறிச்சு வைங்க. 52ல 27க்கு 35னு எழுதினவன் ஒரு வகை. 25க்கு பதிலா 24, 26ன்னு எழுதினவன் வேற வகை, அவன் கடன் சரியா வாங்கிட்டான், எண்ணும்போது ஒண்ணு தவறிடுச்சு. 79னு எழுதினவன் கூட்டியே போட்டிருக்கான், கழித்தல் குறிய பாக்கவே இல்ல. மூணு பேருக்கும் மார்க் பூஜ்யந்தான், ஆனா மூணும் வேற வேற வியாதி. நான் சிவப்பு பேனாவுல க, எ, கூன்னு ஓரத்துல குறிச்சுக்குவேன்.

வாசிப்ப பத்தி ஆய்வுன்னா தாள் வேலைக்கு ஆகாது, ஒவ்வொருத்தரா கூப்பிட்டு வாசிக்கச் சொல்லணும். பிள்ளைங்களுக்கு எவ்ளோ வாசிக்க, கணக்கு போட வருதுன்னு வீடு வீடா போய் பாக்க 2005ல இருந்து பிரதம் எடுக்குற அசர் கணக்கெடுப்போட கருவி இதுக்கு நல்லா உதவும்: எழுத்து, சொல், ஒண்ணாங்கிளாஸ் அளவு பத்தி, ரெண்டாங்கிளாஸ் அளவு கதை, இதுல எது வரைக்கும் வருதோ அதுதான் அந்தப் புள்ளையோட நிலை. கிளாஸுக்கு வெளிய திண்ணையிலயோ மரத்தடியிலயோ வச்சு பாருங்க. உள்ள வச்சா மத்த பிள்ளைங்க எடுத்துக் குடுத்துடும்.

இன்னொண்ணு, எச்.எம். கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) கூட்டத்துல பெத்தவங்க கிட்டயும் ரெண்டு வார்த்தை. ஆய்வுல பிள்ளைங்க பேர எழுதாம நம்பர் குடுங்க, முகம் தெரியுற போட்டோ வேண்டாம். நான் பண்ண தப்புதான் அதுவும்.

ஒப்பிட ஆள் வேணும்

இந்தக் கட்டுரைல ஒரே ஒரு பகுதிய மட்டும் படிப்பேன்னு இருந்தா இத படிங்க.

முன் டெஸ்ட்ல சராசரி 4, பின் டெஸ்ட்ல 7, ஆகவே என் முறை வெற்றி. இப்படித்தான் முக்கால்வாசி அறிக்கை முடியும். ஆனா ரெண்டு டெஸ்ட்டுக்கும் நடுவுல புள்ள வளர்ந்துச்சு, வீட்ல அக்கா சொல்லிக் குடுத்தா, டியூஷன் போச்சு, நீங்களே வழக்கமா நடத்துறதையும் நடத்துனீங்க. முறையே இல்லைன்னாலும் கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். அந்தக் கொஞ்சம் எவ்ளோங்கிறது தெரியாம முறைக்கு மார்க் போட முடியாது.

இதுக்கு நம்மூர்லயே அருமையான உதாரணம் இருக்கு. கொரோனால பள்ளிக்கூடம் மூடி, 2021 நவம்பர் 1ல சின்ன வகுப்புகளுக்கு திறந்தாங்க, அதே சமயத்துல இல்லம் தேடிக் கல்வியும் ஆரம்பிச்சுது, தன்னார்வலர்கள் சாயங்காலம் தெருவுல, கோயில் மண்டபத்துல வச்சு பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுத்தாங்க. அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூணு பேரும் தமிழ்நாட்டு கிராமங்கள்ல சுமார் 19,000 பிள்ளைங்கள தொடர்ந்து சோதிச்சாங்க. 2021 டிசம்பர்ல பாத்தப்ப, 2019ல அதே ஊர்ல அதே வயசுல இருந்த பிள்ளைங்கள விட கணக்குல 0.7 திட்ட விலக்கத்துக்கு மேல, மொழில 0.34 பின்தங்கி இருந்தாங்க. ஆறே மாசத்துல அந்தப் பள்ளத்துல மூணுல ரெண்டு பங்கு நிரம்பிடுச்சு. சும்மா முன்ன பின்ன மட்டும் பாத்திருந்தா மொத்தத்தையும் இல்லம் தேடிக் கல்வி கணக்குல எழுதியிருப்போம். திட்டத்துக்கு போன பிள்ளைங்க, போகாத பிள்ளைங்க ரெண்டு பேரையும் வச்சு கணக்கு பண்ணதுல மீட்சில சுமார் 24 சதவீதந்தான் திட்டத்தால வந்ததுன்னு தெரிஞ்சுது. மிச்சம் பள்ளி திறந்ததால, வழக்கமான டீச்சரால, பிள்ளைங்க தானா மீண்டதால. 24ங்கிறது குறைச்சல்னு நெனைக்காதீங்க, சாயங்காலம் ஒண்ணு ஒன்றரை மணி நேரத்துக்கு அது நல்ல பலன். ஆனா 24க்கும் 100க்கும் உள்ள வித்தியாசம், ஒப்பிட ஆள் வச்சதாலதான் கண்ணுக்கு தெரிஞ்சுது.

உங்க கிளாஸ்ல எப்படின்னா, முன் டெஸ்ட் மார்க் வரிசைல பிள்ளைங்கள அடுக்குங்க. மேல இருந்து ரெண்டு ரெண்டு பேரா ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் பூவா தலையா போடுங்க, பூ விழுந்தா மொத ஆள் கட்டுக் கூட்டம், ரெண்டாவது ஆள் பலகைக் கூட்டம், தலைன்னா மாத்தி. இப்படிப் பண்ணா ரெண்டு கூட்டமும் ஏறக்குறைய சமமா வந்துடும், உங்க கை எங்கயும் படாது. கை பட்டா என்ன ஆகும்னு எனக்கு தெரியும், நமக்கே தெரியாம சுறுசுறுப்பான நாலு பேர புது முறைக்கு இழுத்துப் போட்டுடுவோம்.

பாதி பேரு கட்டு வச்சு கத்துக்கும்போது மீதி பாதி நோட்டுல கணக்கு போடட்டும், அடுத்த பீரியட் நீங்க அவங்ககிட்ட போங்க, இவங்க நோட்டுக்கு போகட்டும். ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே டீச்சர், ஒரே நிமிஷக் கணக்கு. ஒரு கூட்டத்துக்கு அரை மணி நேரம் கூடுதலா குடுத்துட்டா நீங்க சோதிச்சது ஈர்க்குச்சிய இல்ல, அரை மணி நேரத்த.

ஓராசிரியர் பள்ளி, மொத்தமே ஒம்பது பிள்ளைங்க, எப்படி பிரிக்கிறதுன்னு கேப்பீங்க. அப்ப பாடத்த பிரிங்க. கஷ்டத்துல ஏறக்குறைய சமமா இருக்கிற ரெண்டு பாடம் எடுத்து, அஞ்சு பேருக்கு மொத பாடம் புது முறை ரெண்டாவது பழைய முறை, நாலு பேருக்கு அப்படியே தலைகீழா. எல்லாருக்கும் ரெண்டும் கெடைக்குது, யாருக்கும் வஞ்சனை இல்ல. ரெண்டு கூட்டமா பிரிச்சவங்களும் ஆய்வு முடிஞ்ச அடுத்த வாரமே இந்தப் பக்கம் குடுத்தத அந்தப் பக்கமும் குடுத்துடுங்க, பிள்ளைங்க அதெல்லாம் பாத்துட்டேதான் இருக்கும். "எங்களுக்கு ஏன் குச்சி தரல"ன்னு ஒரு வாண்டு என் சேலைய புடிச்சு இழுத்தா.

மார்க் ரொம்ப கம்மியா எடுத்த எட்டு பேர மட்டும் பிரிச்செடுத்து முறைய குடுத்துட்டு "பாருங்க எல்லாரும் ஏறிட்டாங்க"ன்னு சொல்றதும் ஒரு பொறி. முன் டெஸ்ட் அன்னிக்கு ஒருத்திக்கு காய்ச்சல், ஒருத்தன் காலைல சாப்பிடல, ஒருத்தன் பென்சில தொலைச்சுட்டான். அவங்கள்ல கொஞ்ச பேரு அடுத்த டெஸ்ட்ல ஒண்ணுமே பண்ணலைன்னாலும் ஏறுவாங்க. அதே மாதிரி மொத டெஸ்ட்ல உச்சத்துல இருந்தவங்க கொஞ்சம் இறங்குவாங்க.

நடத்துற நாட்கள்ல

ஒரு டைரி போதும், தெனம் அஞ்சு வரி. எத்தன நிமிஷம் நடத்துனேன், யார் வரல, எது கவுத்துடுச்சு. பத்து நாள்னு திட்டம் போட்டு, நடுவுல பயிற்சி, விலையில்லா பொருள் வழங்கல், எமிஸ்ல (பள்ளிக் கல்வித் துறையோட தகவல் தளம்) ஏத்துற வேலைன்னு போயி ஆறு நாள்தான் நடத்தியிருப்பீங்க, அத அறிக்கைல ஆறுன்னே எழுதுங்க.

புதுசு மோகம்னு ஒண்ணு உண்டு. அது கூட ஹாதார்ன் விளைவும் சேரும்: அமெரிக்கால ஹாதார்ன்ங்கிற ஃபேக்டரில 1920கள்ல பண்ண சோதனைகளால வந்த பேரு அது, நம்மள கவனிக்கிறாங்கன்னு தெரிஞ்சாலே ஆளுங்க வேற மாதிரி நடந்துக்குறாங்கன்னு. கிளாஸ்லயும் மொத ரெண்டு நாள் ஆட்டம் தூள் பறக்கும், அஞ்சாம் நாள் ஈர்க்குச்சி வாளாகி ரெண்டு பேரு சண்டை போட்டுட்டு இருப்பாங்க. அஞ்சாம் நாளுக்கு அப்புறமா நடக்கிறதத்தான் நான் நம்புவேன்.

பின் டெஸ்ட்டு ஒண்ணு பத்தாது

நடத்தி முடிச்ச அன்னிக்கோ மறுநாளோ ஒண்ணு, மூணு வாரம் கழிச்சு சொல்லாம கொள்ளாம இன்னொண்ணு. ஏன்னு கேட்டா, 2006ல ரோடிகர், கார்பிக்கேன்னு ரெண்டு பேரு கல்லூரிப் பிள்ளைங்கள வச்சு பண்ணத பாருங்க. ஒரு பத்திய ஒரு கூட்டம் ரெண்டு தடவ படிச்சுது, இன்னொரு கூட்டம் ஒரு தடவ படிச்சுட்டு புத்தகத்த மூடி ஞாபகம் இருக்கிறத எழுதிப் பாத்துச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டா திரும்பப் படிச்சவங்க 81 சதவீதம், எழுதிப் பாத்தவங்க 75. ஒரு வாரம் கழிச்சு கேட்டா திரும்பப் படிச்சவங்க 42, எழுதிப் பாத்தவங்க 56. அப்படியே கவுந்துடுச்சு. அன்னிக்கு மட்டும் டெஸ்ட் வச்சுட்டு விட்டிருந்தா தப்பான முறைக்கு மாலை போட்டிருப்பாங்க. (எழுதிப் பாக்குறத எங்க அப்பாயி "பாக்காம சொல்லு"ன்னு வெளக்கமாத்தோட நின்னு பண்ண வச்சது வேற கதை.)

பின் டெஸ்ட்டு அன்னிக்கு யார் வரலன்னு ரொம்ப கவனமா பாருங்க. கரும்பு வெட்டுக்கோ செங்கல் சூளைக்கோ போற வீட்டுப் பிள்ளைங்க நடுவுல காணாம போவாங்க, பெரும்பாலும் மார்க் கம்மியா எடுக்கிறது அவங்கதான். அவங்க இல்லாமலே சராசரி தானா ஏறிடும். அதனால ரெண்டு டெஸ்ட்டும் எழுதின பிள்ளைங்கள மட்டும் வச்சு முன் பின் ரெண்டுக்கும் சராசரி போடுங்க, எத்தன பேரு விட்டுப் போச்சு, எந்தக் கூட்டத்துல இருந்து போச்சுன்னும் எழுதுங்க.

முடிஞ்சா திருத்துற வேலைய பக்கத்து கிளாஸ் டீச்சர் கிட்ட குடுத்துடுங்க, எந்தப் புள்ள எந்தக் கூட்டம்னு சொல்லாம. அதுக்கு பதிலா அவங்க நோட்டுக் கட்டு ஒண்ண நீங்க திருத்திக் குடுத்தா போச்சு.

கணக்கு போடுறது

சும்மா ஒரு பேச்சுக்கு எண்ணு வச்சுக்குவோம். கட்டுக் கூட்டம் முன்னாடி 4.2, பின்னாடி 6.9, ஏறினது 2.7. பலகைக் கூட்டம் 4.4ல இருந்து 5.8, ஏறினது 1.4. ரெண்டுக்கும் வித்தியாசம் 1.3. முறைக்கு உரியது அதிகபட்சம் அந்த 1.3தான், 2.7 இல்ல.

சரி, இந்த 1.3 உண்மையா, இல்ல பூவா தலையா போட்டதுல அமைஞ்ச அதிர்ஷ்டமா? எம்.எட். பண்றவங்க டி டெஸ்ட்டுன்னு போவாங்க, உங்க கைடு கேட்டா போடுங்க. அது வராதவங்களுக்கு நான் பண்ற வழி இது. ஒவ்வொரு புள்ளையும் எவ்ளோ ஏறுச்சுங்கிறத ஒரு துண்டுச் சீட்டுல எழுதுங்க, 24 பிள்ளைன்னா 24 சீட்டு, எந்தக் கூட்டம்னு எழுதாதீங்க. எல்லாத்தையும் சோத்துப் பாத்திரத்துல போட்டு குலுக்கி, கண்ண மூடி பன்னெண்டு பன்னெண்டா ரெண்டு குவியல். ரெண்டு குவியலோட சராசரி வித்தியாசத்த ஒரு நோட்டுல குறிச்சுக்குங்க. மறுபடி குலுக்குங்க. ஒரு முப்பது தடவ. அந்த முப்பதுல 1.3ஓ அதுக்கு மேலயோ எத்தன தடவ வருதுன்னு எண்ணுங்க. ஏழெட்டு தடவ வந்தா உங்க 1.3 சும்மா குலுக்கல்லயே வரக்கூடியதுதான், பெருசா பீத்திக்க ஒண்ணும் இல்ல. ஒரு தடவ வந்தா, இல்ல வரவே இல்லைன்னா, ஏதோ இருக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டிவி பாத்துட்டே நானும் என் பொண்ணும் பண்ணி முடிச்சோம், அவதான் கால்குலேட்டர்.

அப்புறம் சராசரியோட நிறுத்தாதீங்க, கென்யா ஞாபகம் இருக்கட்டும். முன் டெஸ்ட்ல கீழ்ப்பாதில இருந்தவங்க எவ்ளோ ஏறினாங்க, மேல்பாதில இருந்தவங்க எவ்ளோன்னு தனித்தனியா பாருங்க. சிவப்பு பேனா குறிப்ப எடுத்து, "35 வகை" தப்பு எத்தனல இருந்து எத்தனயா குறைஞ்சிருக்குன்னு எண்ணுங்க. எனக்கு மார்க்க விட இதுதான் அதிகம் சொல்லும்.

எழுதுறது

நாலு பக்கம் போதும். கேள்வி, யார வச்சு, எப்படி பிரிச்சேன், என்ன நடத்துனேன், எத்தன நாள், ரெண்டு டெஸ்ட்டு தாளும் அப்படியே, மார்க் அட்டவணை, எது சொதப்புச்சு. முன்னுரைல அறிஞர் பொன்மொழி ரெண்டு பக்கம் வேணாம் சாமி.

வித்தியாசம் வரலைன்னா வரலைன்னு எழுதுங்க. நான் ரெண்டாவது வாட்டி ஒழுங்கா பண்ணப்ப, முடிச்ச மறுநாள் டெஸ்ட்ல கட்டுக் கூட்டம் நல்லா மேல இருந்துச்சு, மூணு வாரம் கழிச்சு ரெண்டு கூட்டமும் கிட்டத்தட்ட ஒண்ணா வந்துடுச்சு. சி.ஆர்.சி. (குறுவள மையம், பக்கத்துப் பள்ளி டீச்சருங்க கூடுற இடம்) கூட்டத்துல அப்படியே சொன்னேன். ஒருத்தர் "அப்ப எதுக்கு டீச்சர் இவ்ளோ கஷ்டப்பட்டீங்க"ன்னு சிரிச்சாரு. ஆனா சிவப்பு பேனா குறிப்புல ஒண்ணு கெடந்துச்சு: கட்டுக் கூட்டத்துல நோட்டு ஓரத்துல குச்சிக் கட்ட படமா வரைஞ்சு வச்சுக்கிட்டு கணக்கு போட்ட பிள்ளைங்க கிட்ட 35 வகை தப்பு திரும்பி வரல, குச்சிய கையால மட்டும் தொட்டு விளையாடினவங்க கிட்டதான் வந்துச்சு. அஞ்சாறு பிள்ளைங்கதான், இத வச்சு எதுவும் சொல்லிட முடியாது. அதனால இந்த வருசக் கேள்வி அதுதான்: குச்சியோட நிறுத்துற கூட்டம் ஒண்ணு, குச்சில இருந்து படத்துக்கு, படத்துல இருந்து எண்ணுக்குன்னு போற கூட்டம் ஒண்ணு. தாள் அ, ஆ தயார். திங்கக்கிழமை முன் டெஸ்ட்டு, காசும் பர்ஸ்லயே இருக்கு.